எவரெஸ்ட் ஏறிய மேஜர். சக்கர நாற்காலியில் 56 ஆண்டு!

1965-ம் ஆண்டு மே மாதம் 29-ந் தேதி.

உலகத்தின் மிக உயரமான இடத்தில் மூன்று பேர் நின்றார்கள். மூன்று பேரும் ஒரே கயிற்றில் இடுப்பைப் பிணைத்துக் கொண்டு ஏறியவர்கள். எவரெஸ்ட் சிகரத்தில் மூன்று பேர் ஒன்றாக நின்றது அதுவே முதல் தடவை.

அந்த ஆண்டு முடிவதற்குள், அவர்களில் ஒருவரால் எழுந்து நிற்க முடியாமல் போயிற்று. அதன் பிறகு அவர் நிற்கவே இல்லை.

அவர்தான் மேஜர் ஹரிபால் சிங் அலுவாலியா. 2022-ம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதி, நம் வீடுகளில் பொங்கல் பானை பொங்கிய நாளில், அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 85. அதில் 56 ஆண்டுகள் சக்கர நாற்காலியில் கழிந்தவை.

மலை ஏறியவர்கள் பலர் உண்டு. போரில் அடிபட்டவர்களும் பலர் உண்டு. இந்த இரண்டும் ஒரே மனிதருக்கு, ஒரே ஆண்டில் நடந்தன. அதற்குப் பிறகு அவர் செய்த காரியம்தான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

சிம்லாப் பையன்

அலுவாலியா பிறந்தது 1936-ம் ஆண்டு நவம்பர் 6-ந் தேதி. பிறந்த ஊர் சியால்கோட். இன்று அது பாகிஸ்தானில் இருக்கிறது. வளர்ந்தது சிம்லாவில். ஜன்னலைத் திறந்தால் மலை. பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் மேடு. அப்படிப்பட்ட ஊரில் வளர்ந்த பையனுக்கு மலையின் மேல் ஆசை வந்ததில் அதிசயம் இல்லை.

படிப்பு முடிந்ததும் இராணுவத்தில் அதிகாரியாகச் சேர்ந்தார். மலை ஏறும் வித்தையை டார்ஜிலிங்கில் கற்றார். டென்சிங் எவரெஸ்ட் ஏறி வந்த பிறகு, 1954-ல் தொடங்கப்பட்ட மலையேற்றப் பள்ளி அங்கே இருக்கிறது. டென்சிங்கே அங்கு ஆசிரியராக இருந்தார் என்றால், மாணவர்களின் உற்சாகத்தைக் கேட்கவா வேண்டும்!

இரண்டு தோல்விகள்

இந்தியர்கள் எவரெஸ்ட்டுக்கு முதலில் போனது 1960-ல். பிரிகேடியர் ஞான் சிங் தலைமை. உச்சிக்குச் சுமார் 700 அடி இருக்கும்போது காற்று அடித்துத் தள்ளியது. திரும்பி வந்தார்கள்.

1962-ல் மறுபடியும் போனார்கள். மேஜர் ஜான் டயஸ் தலைமை. இந்தத் தடவை இன்னும் 400 அடிதான் பாக்கி. அப்போதும் முடியவில்லை. 400 அடி என்றால் தஞ்சைப் பெரிய கோவில் கோபுரத்தைப் போல இரண்டு மடங்கு உயரம்கூட இல்லை. அவ்வளவு அருகில் போய்விட்டுத் திரும்புவதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும். பிடிவாதம் பிடித்து மேலே போயிருந்தால் உயிரோடு வந்திருக்க மாட்டார்கள்.

மூன்றாவது முயற்சி 1965-ல். கடற்படை அதிகாரி எம். எஸ். கோலி தலைவர். அவர் 1962-ல் அந்த 400 அடியில் திரும்பியவர்களில் ஒருவர். 21 பேர் கொண்ட குழு. 50 ஷெர்ப்பாக்கள். 800 சுமை கூலிகள். 25 டன் சாமான்கள்.

ஏப்ரல் கடைசியில் ஒரு தடவை ஏறப் பார்த்தார்கள். வானிலை மோசமாகிவிட்டது. கீழே இறங்கி இரண்டு வாரம் காத்துக் கிடந்தார்கள். மே 20-ந் தேதி சீமாவும் நவாங் கோம்புவும் உச்சியில் ஏறினார்கள். கோம்பு ஏற்கெனவே 1963-ல் அமெரிக்கர்களுடன் ஏறியவர். எவரெஸ்ட்டில் இரண்டு தடவை ஏறிய முதல் மனிதர் அவர்தான். 22-ந் தேதி சோனம் கியாட்சோவும் சோனம் வாங்கியாலும் ஏறினார்கள். 24-ந் தேதி வோராவும் ஆங் காமியும்.

ஆறு பேர் ஆயிற்று. இன்னும் ஒரு கோஷ்டி பாக்கி இருந்தது.

உச்சியில் மூவர்

29-ந் தேதி அலுவாலியா, ராவத், ஷெர்ப்பா பூ டோர்ஜி ஆகிய மூவரும் ஏறினார்கள். 1953-ல் டென்சிங்கும் ஹிலாரியும் முதன் முதலாக ஏறியதும் அதே மே 29-ந் தேதிதான். சரியாக 12 ஆண்டுகள்.

அந்த உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு, நம் கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். ஓர் அடி வைத்துவிட்டு நின்று மூச்சு வாங்க வேண்டும். முதுகில் பிராணவாயுக் குழாய் வேறு கனக்கும். வேண்டாம், திரும்பிவிடலாம் என்று உடம்பு கெஞ்சும்.

மூவரும் தங்கள் தங்கள் தெய்வத்துக்கு உச்சியில் காணிக்கை வைத்தார்கள். அலுவாலியா குரு நானக்கின் படத்தை வைத்தார். ராவத் துர்க்கையின் படத்தை வைத்தார். பூ டோர்ஜி புத்தரின் நினைவுப் பொருள் ஒன்றை வைத்தார். முன்பே ஹிலாரி அங்கே ஒரு சிலுவையைப் பனியில் புதைத்திருந்தார். அத்தனையும் ஒரே பனிக்குள் பக்கத்தில் பக்கத்தில்!

உச்சியில் நின்றபோது அவருக்கு என்ன தோன்றியது? பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார். ஜெயித்துவிட்டோம் என்ற மார்தட்டல் தோன்றவில்லையாம், பணிவுதான் தோன்றியதாம். சந்தோஷத்தோடு கொஞ்சம் வருத்தமும் வந்ததாம். இனி ஏறுவதற்கு இதைவிட உயரமான இடம் கிடையாதே என்ற வருத்தம்.

இதைப் படிக்கும்போது நமக்குச் சற்று நெஞ்சு அடைக்கிறது. ஏனென்றால், எழுதும்போது அவருடைய கால்கள் அசையாமல் கிடந்தன.

ஒன்பது பேரை உச்சியில் ஏற்றிய அந்தக் குழுவின் சாதனையை 17 ஆண்டுகள் யாரும் முறியடிக்கவில்லை. நாடே கொண்டாடியது. அரசாங்கம் தபால் தலை வெளியிட்டது. குழு முழுவதற்கும் அர்ஜுனா விருது கிடைத்தது. அலுவாலியாவுக்குப் பத்மஸ்ரீ பட்டமும் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 28.

குண்டு பாய்ந்தது

மாலைகள் வாடுவதற்குள் யுத்தம் வந்துவிட்டது. ஆகஸ்டில் காஷ்மீரில் தொடங்கிய சண்டை, செப்டம்பரில் பஞ்சாப் எல்லைக்கும் பரவியது. அலுவாலியா பிறந்த சியால்கோட் பகுதியே பெரிய போர்முனை ஆயிற்று.

மலையிலிருந்து இறங்கிய அதிகாரி போருக்குப் போனார். அங்கே ஒரு குண்டு அவர் கழுத்தில் பாய்ந்தது. தண்டுவடத்தைத் தாக்கியது. உயிர் தப்பினார். ஆனால் நடக்கும் சக்தி போய்விட்டது.

தண்டுவடம் என்றால் என்ன? முதுகெலும்பு முழுவதும் உள்ளே துளை உள்ள வளையங்களாக அடுக்கப்பட்டிருக்கிறது. அந்தத் துளைக்குள் மூளையிலிருந்து ஒரு கயிறு போல இறங்குகிறது தண்டுவடம். நம் விரல் அளவு பருமன். தந்திக் கம்பி போல அது வேலை செய்கிறது. 'காலைத் தூக்கு' என்ற கட்டளை அதன் வழியாகத்தான் கீழே போகிறது. 'முள் குத்துகிறது' என்ற செய்தி அதன் வழியாகத்தான் மேலே வருகிறது.

கம்பி அறுந்தால்? கட்டளையும் போகாது; செய்தியும் வராது. கை எலும்பு முறிந்தால் மீண்டும் கூடும். தோல் கிழிந்தால் வளரும். தண்டுவடம் அப்படி வளர்ந்து ஒட்டுவது இல்லை. இன்று வரை அதற்கு முழு மருந்து கண்டுபிடிக்கப்படவில்லை.

நடக்க முடியாதது மட்டுமே கஷ்டம் என்று நினைத்துவிடக் கூடாது. சிறுநீர் தானாக அடங்காது. ஒரே பக்கமாகப் படுத்தால் தோல் அழுகும். வலி தெரியாததால் புண் வந்திருப்பதே தெரியாது. அந்தப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும்தான் முன்காலத்தில் இத்தகைய நோயாளிகளைக் கொன்றன. முதுகில் அடிபட்டவர்களில் பெரும்பாலோர் ஒன்றிரண்டு ஆண்டுகளுக்குள் இறந்து போவார்கள் என்பதே அக்காலத்து டாக்டர்களின் கணக்கு.

கணக்கை மாற்றிய டாக்டர்

இந்தக் கணக்கை மாற்றியவர் ஒரு ஜெர்மன் யூதர். பெயர் லூட்விக் குட்மன்.

1917-ல், பதினெட்டு வயதில், ஆஸ்பத்திரி ஒன்றில் அவர் ஊழியராக இருந்தார். முதுகு முறிந்த ஒரு சுரங்கத் தொழிலாளியைக் கொண்டு வந்தார்கள். நல்ல வாட்டசாட்டமான ஆள். குட்மன் அவனைப் பற்றிக் குறிப்பு எழுதப் போனார். சில வாரங்களில் இறந்துவிடுவான், எழுதிச் சிரமப்படாதே என்றார்கள். அப்படியே இறந்தும் போனான். அந்த முகம் குட்மனுக்கு மறக்கவே இல்லை.

ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி 1939-ல் அவர் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். 1944-ல் ஸ்டோக் மாண்டவில் என்ற ஊர் ஆஸ்பத்திரியில், தண்டுவடம் அடிபட்ட போர்வீரர்களுக்காக ஒரு பிரிவை அவரிடம் ஒப்படைத்தார்கள்.

குட்மன் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? ஒவ்வொரு நோயாளியையும் இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்கச் சொன்னார். பகலும் இரவும். அவ்வளவுதான். புண் நின்றது. சாவு குறைந்தது. பிறகு உட்கார வைத்தார். பந்து எறியச் சொன்னார். வில்லைக் கையில் கொடுத்தார். வேலை கற்றுக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்.

1948 ஜூலை 29-ந் தேதி லண்டனில் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், ஆஸ்பத்திரிப் புல்வெளியில் 16 பேருக்கு வில்வித்தைப் போட்டி வைத்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய பாராலிம்பிக்.

அலுவாலியா சிகிச்சைக்குப் போய்ச் சேர்ந்தது இந்த ஸ்டோக் மாண்டவிலில்தான். அங்கே அவர் இரண்டு விஷயங்களைக் கண்டார். கால் இல்லாமலும் வாழலாம் என்பது ஒன்று. இந்த மாதிரி ஆஸ்பத்திரி நம் நாட்டில் இல்லையே என்பது மற்றொன்று. முதல் விஷயத்தை அவர் அறிந்தது தமக்காக. இரண்டாவதை அவர் மனத்தில் வைத்துக் கொண்டது நமக்காக.

வேலூரில் ஒரு பெண்மணி

இங்கே ஒரு வார்த்தை. அதே காலத்தில் நம் வேலூரில் ஒரு காரியம் நடந்து கொண்டிருந்தது. டாக்டர் மேரி வர்கீஸ் என்ற இளம் பெண் டாக்டர், 1954-ல் ஒரு மோட்டார் விபத்தில் முதுகில் அடிபட்டு இடுப்புக்குக் கீழ் அசைவு இழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே குஷ்ட நோயாளிகளின் மடங்கிய விரல்களுக்கு ஆபரேஷன் செய்தார். அமெரிக்கா போய் மறுவாழ்வு வைத்தியம் படித்து வந்தார். 1966-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி தொடங்கிய மறுவாழ்வு நிலையத்துக்கு அவர்தான் உயிர்.

இன்னொருவர், முரளிகாந்த் பேட்கர். இராணுவ சிப்பாய். அதே 1965 யுத்தத்தில் குண்டுகள் பட்டுக் கால்கள் செயலிழந்தன. 1972-ல் ஜெர்மனியில் நடந்த பாராலிம்பிக் நீச்சலில் தங்கப் பதக்கம் வாங்கினார். இந்தியாவுக்குத் தனிநபர் தங்கம் கிடைத்த முதல் பாராலிம்பிக் அது. அவருக்குப் பத்மஸ்ரீ கொடுக்க நமக்கு 2018 வரை நேரம் கிடைக்கவில்லை!

மலையை விடவில்லை

இராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற அலுவாலியா மலையை விடவில்லை. ஏற முடியாவிட்டால் என்ன? ஏறுகிறவர்களை அனுப்பலாமே! மலையேறுவோர் சங்கங்களுக்குத் தலைவராக இருந்து, இளைஞர்களைச் சிகரங்களுக்கு அனுப்பினார். எவரெஸ்ட்டைப் பற்றியும், தம் வாழ்க்கையைப் பற்றியும், லடாக்கைப் பற்றியும் புத்தகங்கள் எழுதினார். மனத்துக்குள்ளேயும் ஒரு சிகரம் இருக்கிறது, அதில் ஏறுவது கடினம் என்ற கருத்தில் அவர் எழுதிய கட்டுரை, மத்திய அரசுப் பாடத்திட்டத்தின் எட்டாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தில் பல ஆண்டுகள் பாடமாக இருந்தது. உங்கள் வீட்டுப் பிள்ளைகளில் யாராவது படித்திருக்கக் கூடும்.

1994-ல் ஒரு பயணத்துக்குத் தலைமை தாங்கினார். அந்தக் காலத்துப் பட்டு வியாபாரிகள் ஒட்டகங்களோடு நடந்த பாதையில், மத்திய ஆசியா வழியாக மோட்டாரில் போன பயணம். சக்கர நாற்காலிக்காரர் என்றால் வீட்டுத் திண்ணைக்கு வருவதே பெரிய காரியம் என்று நினைக்கும் ஊர் நம்முடையது. இவர் மார்க்கோ போலோ போன வழியைத் தேடிக் கொண்டு போனார்.

டில்லியில் ஓர் ஆஸ்பத்திரி

ஆனால் அவர் கட்டிய பெரிய காரியம் டில்லி வசந்த் குஞ்சில் இருக்கிறது. இந்தியத் தண்டுவடக் காய சிகிச்சை மையம்.

எண்பதுகளில் அவர் இந்த முயற்சியில் இறங்கினார். இந்திய அரசாங்கத்தின் உதவி வேண்டும், நிலம் வேண்டும், பணம் வேண்டும், சாதனங்கள் வேண்டும். ஆஸ்பத்திரிக்காக இத்தாலி அரசாங்கமும் உதவியது. தொண்ணூறுகளில் ஆஸ்பத்திரி நடக்கத் தொடங்கியது. ஒரு மலையில் ஏறுவது சில மாத வேலை. அலுவலகம் அலுவலகமாக, படி உள்ள கட்டடங்களுக்குள் சக்கர நாற்காலியைத் தூக்கிக் கொண்டு போய், ஒரு கோப்பை நகர்த்துவது ஆண்டுக் கணக்கான வேலை. இரண்டில் எது பெரிது என்று என்னைக் கேட்டால், இரண்டாவதுதான் என்பேன்.

இத்தகைய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் மட்டும் நடப்பது இல்லை. படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது எப்படி, சிறுநீரைத் தானே கவனித்துக் கொள்வது எப்படி, புண் வராமல் கண்ணாடியில் பார்த்துக் கொள்வது எப்படி, கைகளாலேயே கார் ஓட்டுவது எப்படி, மறுபடி என்ன வேலைக்குப் போவது என்றெல்லாம் சொல்லிக் கொடுக்க வேண்டும். நோயாளிக்கு மட்டும் அல்ல. அவர் மனைவிக்கும் தாய்க்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும். வீட்டுக்குப் போன பிறகு புரட்டிப் படுக்க வைப்பது அவர்கள்தானே!

2002-ல் அவருக்குப் பத்மபூஷண் கிடைத்தது.

குண்டு வேண்டியதில்லை

தண்டுவடம் முறிவதற்கு யுத்தம் வர வேண்டியதில்லை. நம் நாட்டில் இப்படி அடிபடுகிறவர்களில் பெரும்பாலோர் உயரத்திலிருந்து விழுந்தவர்கள். மாமரம், பனைமரம், மொட்டை மாடி, கட்டட சாரம். அடுத்தபடி சாலை விபத்து. குடும்பத்தில் சம்பாதிக்கும் இளைஞர்களே இதில் அதிகம்.

இதில் ஒரு கொடுமை உண்டு. விழுந்தபோது அரைகுறையாக அடிபட்ட தண்டுவடம், தூக்கும்போது முழுவதும் சிதைந்துவிடலாம். ஒருவர் தோளைப் பிடிக்க, ஒருவர் காலைப் பிடிக்க, மூட்டை போல் தூக்கி ஆட்டோவில் மடக்கி உட்கார வைத்துக் கொண்டு போகிறோம். அன்போடுதான் செய்கிறோம். ஆனால் அதுவே ஆபத்து.

ஆகவே, உயரத்திலிருந்து விழுந்தவரையோ வண்டியில் அடிபட்டவரையோ பார்த்தால், நெருப்போ வேறு அபாயமோ இல்லாத வரை அவரை அசைக்காதீர்கள். எழுப்பி உட்கார வைக்காதீர்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். கழுத்தில் வலிக்கிறதா, கை கால் விரல்கள் அசைகின்றனவா, மரத்திருக்கின்றனவா என்று கேளுங்கள். தலையாட்டிப் பதில் சொல்ல வேண்டாம், வாயால் சொன்னால் போதும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒருவர் தலைமாட்டில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் தலையை ஆடாமல் பிடித்துக் கொள்ள வேண்டும். இன்னொருவர் 108-க்குப் போன் செய்ய வேண்டும்.

வண்டி வரவே வழியில்லாத இடமா? ஒரு பலகையோ கழற்றிய கதவோ கொண்டு வாருங்கள். நாலைந்து பேர் சேர்ந்து, தலை, முதுகு, இடுப்பு, கால் எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி, ஒரு மரக்கட்டையை உருட்டுவது போல ஒரே சமயத்தில் திருப்பிப் பலகையில் ஏற்றுங்கள். தலையின் இரு பக்கமும் துணியைச் சுருட்டி வையுங்கள். நெற்றியோடு சேர்த்துப் பலகையில் கட்டுங்கள். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது, கழுத்தில் அல்லது முதுகில் அடிபட்டிருக்கலாம் என்பதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.